குழந்தைக்கு உடம்பு சரியில்லை: எதற்குச் செலவு செய்வது, எதற்குப் பொறுப்பது?

குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போது காசைப் பற்றி யோசிக்கிறோமே என்று பல பெற்றோருக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு இருக்கும். எனக்கும் இருந்தது. மூத்தவளுக்கு ஒன்பது மாதத்தில் முதல் காய்ச்சல் வந்தபோது, நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். இரண்டு முறை ரத்தம் எடுத்தார்கள். ஒரு எக்ஸ்ரே. ஓர் இரவு அட்மிஷன். நான்காம் நாள் காய்ச்சல் தானாக இறங்கியது. இறங்கிய கையோடு மார்பிலும் முதுகிலும் சிவப்பாகப் பொரிந்தது. ரோசியோலா என்றார்கள். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்குச் சர்வசாதாரணமாக வந்து போகும் வைரஸ் காய்ச்சல். அதற்கென்று தனி மருந்து கிடையாது.

இளையவனுக்கு நேர் எதிர்த் தவறு செய்தேன். அப்போது அவனுக்கு ஐந்து மாதம். சளி, லேசான காய்ச்சல், அவ்வளவுதான். போன முறை மாதிரி ஏமாறக் கூடாது என்ற வீம்பில் வீட்டிலேயே வைத்துப் பார்த்தேன். தெர்மாமீட்டர் பயமுறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்துகொண்டிருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை. ஆக்சிஜன் வைத்து நான்கு நாள் ஆஸ்பத்திரி வாசம். முன்பே போயிருந்தால் அட்மிஷன் தப்பியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அரை நாள் அவன் பட்ட பாடு என் கணக்கில்தான் சேரும்.

இரண்டு முறையும் நான் பார்த்தது தெர்மாமீட்டரில் தெரிந்த எண்ணை. பார்த்திருக்க வேண்டியது குழந்தையை. செலவு விஷயத்தில் புதுப் பெற்றோர் சறுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். அதனால் வரிசையாகப் போவோம்.

முதல் படி: பர்ஸை மறக்க வேண்டிய நேரம் எது?

காசைக் கணக்குப் பார்ப்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய ஒரே கேள்வி இது. டாக்டர் கிடைக்காத இடங்களில் வேலை செய்யும் சுகாதார ஊழியர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் நான்கு பொது ஆபத்து அறிகுறிகளை வகுத்திருக்கிறது. தாய்ப்பாலோ தண்ணீரோ குடிக்க முடியாமல் போவது, எது கொடுத்தாலும் முழுதாக வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக எழாமல் துவண்டு கிடப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே படிக்க வேண்டாம், கிளம்புங்கள்.

அடுத்தது மூச்சு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் சுருக்குவழி வேண்டாம். சின்னக் குழந்தையின் மூச்சு சீராக இருக்காது, கணக்கு தப்பிவிடும். இரண்டு மாதத்துக்குக் கீழே என்றால் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே போனாலோ, முனகலோடு மூச்சு வந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், உடனே தூக்கிக்கொண்டு போங்கள். வீட்டில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெரியவர்களுக்கான கருவி கைக்குழந்தையின் விரலில் சரியாக உட்காராது. அதில் 98 என்று காட்டியது என்று நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள்.

மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் நேரம் காலம் பார்க்கக் கூடாது. அந்த வயதில் பெரிய தொற்றுகூட வெளியே தெரியாமல் உள்ளேயே இருக்கும். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை என்றால் காய்ச்சலே வேண்டியதில்லை: உடம்பு சில்லென்று இருப்பது, பால் குடிப்பதை விட்டுவிடுவது, பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிவது, உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுவது எல்லாமே அவசரம்தான்.

இன்னும் சில: பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், கழுத்து விறைத்துப்போவது, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் நிறம் மங்காத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள், ஆறு முதல் எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகாதது. இந்த வட்டத்துக்குள் வந்துவிட்டால் எந்த ஆஸ்பத்திரியில் ஃபீஸ் குறைவு என்று விசாரிக்கும் வேலை வேண்டாம். பக்கத்தில் குழந்தைகளைப் பார்க்கக்கூடிய இடம் எது என்பது மட்டும்தான் கேள்வி. பணப் பேச்சைக் குழந்தை நிலைப்பட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: வீட்டில் பார்த்துக்கொள்வதும் ஒரு சிகிச்சைதான்

மேலே சொன்ன எதுவும் இல்லை. காய்ச்சல் 39 டிகிரி இருக்கிறது, ஆனால் மருந்து கொடுத்து அரை மணி, ஒரு மணி நேரத்தில் எழுந்து விளையாடுகிறான், ஏதோ குடிக்கிறான், சிறுநீர் போகிறது. இந்தக் குழந்தைக்கு அடுத்த ஒரு நாள் தேவைப்படுவது பெரும்பாலும் கவனம்தான். சின்னக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஆறேழு முறை சளி பிடிப்பது வழக்கமான விஷயம். ஒவ்வொன்றுக்கும் ஓடினால் எந்தக் குடும்பத்தின் பட்ஜெட்டும் தாங்காது.

காய்ச்சல் மருந்து குழந்தையின் அசௌகரியத்தைக் குறைக்கத்தான். எண்ணைக் கீழே இறக்க அல்ல. காய்ச்சல் ஏறினால் மூளை பாதிக்கும் என்ற பயத்தில் ஈரத்துணி போட்டுக் குளிரவைக்கிறார்கள். குழந்தை நடுங்கி அழுவதுதான் மிச்சம். பாராசிட்டமாலை எடைக்கு ஏற்பக் கொடுக்க வேண்டும்: ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது. மூன்று மாதத்துக்குக் கீழே டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே வேண்டாம். ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரெய் நோய்க்குறி அதனால் வரலாம்.

இங்கே ஒரு கணக்கைப் பொறுமையாகப் பாருங்கள், ஏனென்றால் இந்தத் தவறுதான் நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய் நிறுத்தும். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 150 மி.கி. பாட்டிலில் "5 மில்லியில் 120 மி.கி." என்று இருந்தால் அது சுமார் 6 மில்லி. "5 மில்லியில் 250 மி.கி." என்றால் வெறும் 3 மில்லி. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸ் சிலவற்றில் ஒரு மில்லியிலேயே 100 மி.கி. இருக்கும்; அதில் ஒன்றரை மில்லி போதும். பழக்க தோஷத்தில் அந்த டிராப்ஸையும் 6 மில்லி ஊற்றிவிட்டால் 600 மி.கி. உள்ளே போய்விடும், நான்கு மடங்கு! பெயர் ஒன்றாக இருந்தாலும் பாட்டிலில் உள்ள அந்தச் சின்ன எழுத்தைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். சமையலறை ஸ்பூனும் வேண்டாம், ஊசியில்லாத அளவுக் குழல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாந்தி பேதிக்கு ஓ.ஆர்.எஸ். இதைவிட மலிவாக இவ்வளவு உயிர்களைக் காப்பாற்றிய மருந்து மிகக் குறைவு. 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் நிறைந்திருந்த மேற்கு வங்கத்தின் போங்காவ் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பொட்டலத்தில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். கொஞ்சம் தூள், கொஞ்சம் தண்ணீர் என்று கண்ணளவில் கலப்பது ஆபத்து. 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஒரு ஸ்பூன், ஒரு ஸ்பூனாக மறுபடி ஆரம்பியுங்கள். நாலு மடக்காகக் குடிக்க வைத்துவிட்டு "எல்லாத்தையும் எடுத்துட்டான், டிரிப்ஸ் போடணும்" என்று ஓடிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஸ்பூனும் பொறுமையும் இருந்தால் அந்த டிரிப்ஸ் பல நேரம் தேவைப்படாது. கூடவே 10 முதல் 14 நாள் துத்தநாக மருந்து கொடுப்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எங்கே போவது?

டாக்டர் பார்க்க வேண்டும், ஆனால் அவசரம் இல்லை. இப்போதுதான் செலவுக் கணக்குக்கு இடம் வருகிறது. கணக்கில் ஃபீஸை மட்டும் சேர்க்காதீர்கள். போக்குவரத்து, ஒரு நாள் வேலை போவது, மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், அங்கே மூன்று மணி நேரம் காத்திருப்பது எல்லாம் செலவுதான். தூரத்தில் இருக்கும் இலவச ஆஸ்பத்திரியைவிடப் பக்கத்தில் இருக்கும் குழந்தை டாக்டர் சில நாட்களில் மலிவாக முடிவார். தினக்கூலிக்குப் போகிறவருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். மாதச் சம்பளக்காரர்கள்தான் மறந்துவிடுவோம்.

இரவு நேர அவசர சிகிச்சைப் பிரிவு எல்லா இடத்திலும் விலை கூடுதல். அங்கே உள்ளவர் உங்கள் குழந்தையை முன்பின் பார்த்ததில்லை, மறுபடி பார்க்கப் போவதுமில்லை. அதனால் சந்தேகம் எதையும் விட்டுவைக்காமல் பரிசோதனை எழுதுவார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். காலையில் போகும் வழக்கமான டாக்டர் "நாளை மறுநாள் கொண்டுவாங்க, பார்ப்போம்" என்று சொல்ல முடியும். ஆபத்து அறிகுறி இல்லாத காய்ச்சல் விடியும்வரை காத்திருக்கலாம். போவதற்கு முன் ஒரு போன் செய்ய வழி இருந்தால் செய்யுங்கள். வயது, எடை, எத்தனை நாள், மூச்சு எண்ணிக்கை, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, என்ன மருந்து, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று வரிசையாகச் சொன்னால் போனிலேயே பாதி முடிவு கிடைத்துவிடும்.

அப்புறம், டாக்டரை மாற்றிக்கொண்டே இருப்பது. கண்ணுக்குத் தெரியாமல் காசைத் தின்பது இதுதான். முதல் நாள் ஒருவர், இரண்டாம் நாள் காய்ச்சல் நிற்கவில்லை என்று இன்னொருவர், நான்காம் நாள் மூன்றாமவர். ஒவ்வொருவரும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். பழைய ரிப்போர்ட் இல்லையென்றால் மறுபடி ரத்தம். சாதாரண வைரஸ் காய்ச்சல் மூன்று முதல் ஐந்து நாளில் தானாகப் போகும் என்பதால் மூன்றாமவருக்குத்தான் கைராசிக்காரர் என்று பெயர் கிடைக்கும். ஐந்து நாளைத் தாண்டியும் காய்ச்சல் நிற்கவில்லை என்றால் அது வேறு விஷயம். அப்போது யாராக இருந்தாலும் தீவிரமாகத் தேடித்தான் ஆக வேண்டும்.

நான்காம் படி: "இந்த ரிசல்ட் எதை மாற்றும்?"

டாக்டர் பரிசோதனைச் சீட்டை எழுதும்போது கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். "இது தேவையா?" என்று கேட்டால் அவர்மீது சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும், "தேவைதான்" என்று பதில் வரும், பேச்சு முடிந்துவிடும். "டாக்டர், இது எப்படி வந்தால் மருந்தை மாற்றுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "இந்த அளவுக்கு மேலே போனால் ஆன்டிபயாடிக் ஆரம்பிப்போம்" என்று வந்தால் தயங்காமல் எடுங்கள். "எப்படி வந்தாலும் இதே மருந்துதான், ஒரு நிம்மதிக்கு" என்று வந்தால், நாளை வரை பொறுக்கலாமா என்று அடுத்ததாகக் கேட்கலாம். நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். நான் பார்த்தவரை பலருக்கு அது நிம்மதியாகவே இருக்கிறது.

கொஞ்சம் உதாரணங்கள். காய்ச்சல் தொடங்கிய முதல் நாளே எடுக்கும் ரத்த எண்ணிக்கை, சுறுசுறுப்பாக இருக்கும் குழந்தைக்கு அதிகம் சொல்லாது. பல தொற்றுகள் அதற்குள் ரத்தத்தில் தெரிந்திருக்காது. மூன்றாம் நாள் அதையே எடுத்தால் அர்த்தம் இருக்கும். அதே சமயம் சிறுநீர்ப் பரிசோதனையைப் பாருங்கள். சளி இல்லை, இருமல் இல்லை, பேதி இல்லை, காரணமே தெரியாமல் காய்ச்சல் அடிக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, குறிப்பாகப் பெண் குழந்தைக்கு, அது மலிவு. ஆனால் முடிவு முழு சிகிச்சையையும் மாற்றும். சிறுநீர்த் தொற்றைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம். பெரிய பட்டியலில் எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள்.

சின்னக் குழந்தைகளுக்கு வரும் நுண் மூச்சுக்குழல் அழற்சி (பிராங்கியோலைட்டிஸ்), என் இளையவனுக்கு வந்தது அதுதான், நோயைக் குழந்தையைப் பார்த்தே சொல்லிவிடலாம். வழக்கமாக எல்லோருக்கும் எக்ஸ்ரே தேவையில்லை. முகமூடி வழியே புகைபோலக் கொடுக்கும் நெபுலைசர் மருந்தும் அதற்குப் பெரிதாக உதவுவதில்லை. ஆக்சிஜனும் போதிய பாலும் திரவமும்தான் அங்கே சிகிச்சை. காய்ச்சல் வலிப்பும் அப்படியே. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வரக்கூடியது. பார்ப்பவருக்கு உயிர் போய்விடும், அத்தனை பயங்கரம். முதல்முறை வந்தால் கட்டாயம் மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸ்தான். ஆனால் சில நிமிடத்தில் நின்று, குழந்தை பழையபடி ஆகிவிட்ட எளிய காய்ச்சல் வலிப்புக்கு மூளை ஸ்கேனோ, மூளையின் மின்னலைகளைப் பார்க்கும் இ.இ.ஜி.யோ வழக்கமாகத் தேவையில்லை.

கட்டிலிலிருந்து விழுந்து தலையில் அடி என்றால் பெற்றோரே சி.டி. ஸ்கேன் கேட்கிறார்கள். நினைவு தப்பவில்லை, திரும்பத் திரும்ப வாந்தி இல்லை, வழக்கம்போல நடந்துகொள்கிறது, டாக்டர் பார்த்து ஆபத்து குறைவு என்கிறார் என்றால், சில மணி நேரம் கண்காணிப்பதே சரியான வழி. சி.டி.யில் கதிர்வீச்சு உண்டு. வளரும் மூளைக்குக் காரணமில்லாமல் அதைக் கொடுக்க வேண்டியதில்லை. மாறாக, குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுக்க ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அது உணவுக்குழாயை அரித்துவிடும். ஒரே எக்ஸ்ரே மெஷின்தான். ஒரு குழந்தைக்கு வீண் செலவு, இன்னொரு குழந்தைக்கு உயிர்.

பரிசோதனைகளைப் பேக்கேஜாக விற்கும் இடங்களில், டாக்டர் எழுதிய பெயர்களை மட்டும் தனித்தனியாக எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அதே நேரம், அடுத்த நாள் எப்படியும் வேண்டும் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லும் ஒன்றை ஒரே குத்தலில் எடுத்துவிடுவது நல்லது. சிக்கனத்துக்காகக் குழந்தைக்கு இரண்டு முறை ஊசி குத்த வைக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: மருந்துச் சீட்டு

சீட்டில் ஐந்து பாட்டில் இருக்கிறது. கடைக்குப் போவதற்கு முன்பே, "இதில் கட்டாயம் வேண்டியது எது, தேவைப்பட்டால் மட்டும் கொடுப்பது எது?" என்று கேட்டுவிடுங்கள். பலமுறை ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். இருமல், சளி சிரப்புகள் சின்னக் குழந்தைகளுக்குப் பெரிதாகப் பலன் தருவதில்லை. நான்கு வயதுக்குக் கீழே அவற்றைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. சாதாரண இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும், அது மருந்து தோற்றதற்கு அடையாளம் அல்ல. ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும் முன் கொஞ்சம் தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது, போட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். பேதியை உடனே நிறுத்தும் மாத்திரைகளும் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். டானிக், பசி மருந்து எல்லாம் உடம்பு தேறிய பிறகு பேசலாம்.

ஆன்டிபயாடிக் எழுதினால் எந்த நோய்க்கு, எத்தனை நாள் என்று கேளுங்கள். வைரஸுக்கு அது வேலை செய்யாது. தேவையென்று கொடுத்தால் சொன்ன நாள் வரை கொடுங்கள். போன முறை மீந்ததை இந்த முறைக்கு எடுக்க வேண்டாம். தூளில் தண்ணீர் கலந்து தரும் வகைகள் கலந்த சில நாட்களிலேயே கெட்டுவிடும். வேளைக்கு 5 மில்லி, ஒரு நாளைக்கு மூன்று முறை, ஐந்து நாள் என்றால் 75 மில்லி. கடைக்காரர் எந்த அளவு பாட்டிலைத் தருகிறார் என்று இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள்.

மருந்தின் மூலப்பெயர் தெரிந்தால் அதே மருந்தை மலிவான பிராண்டில் வாங்கலாம். பாராசிட்டமால், அமாக்சிசிலின் போன்றவை உலகப் பொதுப்பெயர்கள். இதில் அளவும் செறிவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. வலிப்பு மருந்து எடுக்கும் குழந்தைக்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் பிராண்டை மாற்றாதீர்கள்.

அடிக்கடி மூச்சிரைப்பு வரும் குழந்தைகள் வீட்டில் நெபுலைசர் மெஷின் வாங்கச் சொல்லி ஒரு கட்டத்தில் யாராவது சொல்வார்கள். வாங்குவதற்கு முன், முகமூடி பொருத்திய ஸ்பேசர் என்ற குழாயோடு இன்ஹேலர் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆஸ்துமா மூச்சிரைப்பில் சரியாகப் பயன்படுத்தினால் அது நெபுலைசருக்குக் குறைந்ததில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மின்சாரம் வேண்டாம், பைக்குள் அடங்கும். "இன்ஹேலர் பழகிடும்" என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டிலும் உள்ளே போவது ஒரே மருந்துதான்.

ஆறாம் படி: அட்மிட் பண்ணச் சொன்னால்

காரணத்தைக் கேளுங்கள். வீட்டில் செய்ய முடியாதது ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்: ஆக்சிஜன், நரம்பில் மருந்து, மணிக்கொரு முறை கண்காணிப்பு. "பயமாக இருந்தால் இருக்கட்டும்" என்ற வகை அட்மிஷன் என்றால், சில மணி நேரம் மட்டும் கண்காணிப்பில் வைக்க முடியுமா என்று கேட்கலாம். காப்பீடு கிடைக்கும் என்பதற்காக மட்டும் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கத்துக் கட்டில் தொற்று உங்கள் குழந்தைக்கும் வரலாம்.

சேரும்போதே இரண்டு விஷயம். ஒரு நாளைக்கு உத்தேசமாக எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். குழந்தை எந்த நிலைக்கு வந்தால் வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை. "ஆக்சிஜன் இல்லாமல் ஒரு இரவு, வழக்கத்தில் பாதிக்கு மேல் பால்" என்று பதில் தெரிந்தால், ஒவ்வொரு காலையும் அதை வைத்தே டாக்டரிடம் பேசலாம். குழந்தை வாயால் நன்றாகக் குடிக்க ஆரம்பித்ததும் நரம்பில் போகும் மருந்தை வாய் மருந்தாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள்; அட்மிஷன் ஒரு நாளாவது குறைவது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான். அறையும் முக்கியம். சில ஆஸ்பத்திரிகளில் அறை உயர உயர, டாக்டர் ஃபீஸ் உட்பட எல்லாக் கட்டணமும் சேர்ந்து உயரும். சில காப்பீடுகளில் அறை வாடகை வரம்பைத் தாண்டினால் மற்றவற்றையும் விகிதப்படி வெட்டுவார்கள்.

பணம் போதாது என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லக் கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்தது. நான்காம் நாள் சொன்னால் கூச்சத்தோடு கடனும் சேர்ந்துவிடும். சமூகப் பணியாளர் இருக்கும் மருத்துவமனை என்றால் அவரைக் கேளுங்கள். சலுகை, அறக்கட்டளை உதவி, தவணை எல்லாம் அவருக்குத்தான் தெரியும். பொது மருத்துவமனைக்கு மாற்றுவது தோல்வி அல்ல. ஆனால் முறை இருக்கிறது: குழந்தை நிலையாக இருக்கிறது என்று டாக்டர் சொல்ல வேண்டும், அங்கே படுக்கை இருக்கிறதா என்று முன்கூட்டிப் பேச வேண்டும், இதுவரை கொடுத்த மருந்து, எடுத்த ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்க வேண்டும், ஆக்சிஜன் தேவைப்படும் குழந்தை ஆக்சிஜனுள்ள ஆம்புலன்ஸில்தான் போக வேண்டும். பில்லுக்குப் பயந்து சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டு போவது மட்டும் வேண்டாம்.

காப்பீடு பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் ஒவ்வொரு பாலிசியும் ஒவ்வொரு மாதிரி. பிறந்த குழந்தை தானாகவே உங்கள் பாலிசியில் சேர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். எத்தனை நாளுக்குள் பெயர் சேர்க்க வேண்டும் என்று பிறப்பதற்கு முன்பே கேட்டு வைக்க வேண்டும். காத்திருப்புக் காலம், நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்கு, புறநோயாளிச் செலவு சேருமா, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் சேரலாம், இந்த நான்கையும் குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு நாளில் பார்த்துவிடுங்கள். தடுப்பூசி அட்டையையும் அன்றே எடுத்துப் பாருங்கள். ரோட்டா வைரஸ், நிமோகாக்கஸ், தட்டம்மை ஊசிகள் விடுபட்டிருந்தால் போட்டுவிடுங்கள். பேதி, நிமோனியா அட்மிஷன்களில் எத்தனையோ அந்த ஊசிகளால் தவிர்க்கக்கூடியவை.

கடைசிப் படி: வீடு திரும்பும் நாள்

டிஸ்சார்ஜ் அன்று கிளம்பும் அவசரத்தில் பில்லைப் பார்க்காமல் கட்டிவிடுவோம். மொத்தத் தொகை மட்டும் போட்ட பில் போதாது, வரிவரியாகப் பிரித்த பில் கேளுங்கள். ஒரே பரிசோதனை இரண்டு முறை ஏறியிருக்கிறதா, ரத்து செய்த மருந்து சேர்ந்திருக்கிறதா, அறை நாள் கணக்கு சரியா என்று மட்டும் பாருங்கள். பிரிக்காத மருந்துகளையும் ஊசிகளையும் திருப்பித் தர முடியும் என்றால் தாருங்கள். சண்டை போட வேண்டாம். பில் கவுன்டரில் உள்ளவர்களுக்கும் தவறு வரும், காட்டினால் பெரும்பாலும் திருத்தித் தருவார்கள்.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் நோயின் பெயர், கொடுத்த மருந்துகள், வீட்டில் தர வேண்டிய அளவு, எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை எடுத்திருந்தால் அதன் முடிவு வரச் சில நாள் ஆகும். யாரிடம், என்றைக்குக் கேட்பது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, போனிலும் படம் எடுத்து வையுங்கள். அப்படியே அன்றைக்கு எடுத்த குழந்தையின் எடையைத் தேதியோடு ஃபைலின் மேலட்டையில் பெரிதாக எழுதிவிடுங்கள். அடுத்த காய்ச்சல் ராத்திரி ஒன்றரை மணிக்குத்தான் வரும். மருந்தளவு பார்க்க முதலில் தேடப்போவது அந்த எண்ணைத்தான்.